நிபந்தனை அக்கா

படியேறும்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கீழ்ப்படியில் கால் வைக்கும்போது ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். மூன்றாம் மாடியில் ஸ்டூடியோ கதவைத் தொடுகிறவரை அந்த ஒரு மூச்சைத்தான் சில்லறை சில்லறையாகச் செலவழிப்பார். உதடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே இறங்கி வருகிறவர் வணக்கம் சொன்னால் ஒரு தலையசைப்பு கிடைக்கும். நலமா என்று கேட்டுவிட்டால் முறைப்புதான். லிஃப்ட் இருக்கிறதே, ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். கதவைத் தொட்டு, மூச்சை விட்டு, கைப்பையிலிருந்த குடுவையைத் திறந்து வெந்நீர் ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் பதில் வந்தது. "லிஃப்ட்ல வந்தா காலுக்கு சுகம். எனக்கு சம்பளம் காலுக்கா குடுக்குறாங்க?"

சம்பளம் மூச்சுக்குத்தான். வானொலியில் ஒரு விளம்பரம் வருகிறது. புதிய கைபேசி இணைப்பு, முதல் மாதம் இலவசம், அதிர்ஷ்டசாலிகளுக்குக் கார் என்று ஓர் ஆண்குரல் தேன் ஒழுகச் சொல்லி முடிக்கிறது. உடனே பின்னாலேயே ஒரு பெண்குரல், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரைப் போல, "சலுகை கையிருப்பு உள்ளவரை மட்டுமே இரண்டாம் மாதம் முதல் முழுக்கட்டணம் இடையில் விலகினால் அபராதம் நிறுவனத்தின் முடிவே இறுதியானது நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரே வீச்சில் கொட்டிவிட்டு மறைகிறது. அந்தப் பெண்குரல் இவருடையது. நிறுவனத்தின் எல்லா ஊர் நிலையங்களுக்கும் இந்த வேலைக்கு இவர் ஒருவர்தான். இவர் அளவுக்கு வேகமாக, ஒரு எழுத்தும் சிதையாமல் படிக்க ஆள் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நிபந்தனை அக்கா வீடு என்றால் குழந்தைகூடக் கையைக் காட்டும்.

ஐம்பதைத் தாண்டியவர். சின்ன உருவம். கண்ணாடி ஒரு கயிற்றில் கழுத்திலேயே தொங்கும். ஐஸ் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே தொண்டையைப் பிடித்துக்கொள்வார். படிக்க வேண்டிய தாள் கையில் வந்ததும் சிவப்புப் பென்சிலால் ஓரிடத்தில் ஒரு கோடு போடுவார். மூச்சு வாங்க வேண்டிய இடம் அது. "இது நம்ம ஸ்டாப்பு. இங்க நிக்கும், ஏறி இறங்கலாம். மத்ததெல்லாம் எக்ஸ்பிரஸ்" என்பார். தாளுக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம்.

வேலை நேரத்துக்கு வெளியே அவர் பேசுவதைக் கேட்டால் நம்ப முடியாது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, துடைத்து, வைத்துப் பேசுவார். காய் வாங்கும்போது அவர் விலை கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் அடுத்தவருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவார். தெருக்காரர்கள் தொலைபேசி இணைப்புக் காகிதம், வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் என்று எதையாவது தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கம். "அக்கா, இதுல எங்க ஆப்பு இருக்கு, கொஞ்சம் பாருங்க." அவர் முதல் பக்கத்தைத் தொடக்கூட மாட்டார். நேரே கடைசிப் பக்கம் போவார். "ஆப்பு எப்பவும் பொடி எழுத்துலதாம்மா இருக்கும். 'மேலும்'னு ஆரம்பிக்கும். 'மேலும்'னு பாத்தாலே ஒக்காந்து படிக்கணும்." படித்துக் காட்டுவார், மெதுவாக. காசு வாங்க மாட்டார், கதை கேட்பார்.

அவர் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் நான்கு வானொலி நிலையங்கள், ஒரு நாளிதழ், ஒரு கேபிள் டி.வி., இரண்டு தொலைபேசி நிறுவனங்கள் இருந்தன. எல்லாம் தனித்தனி முதலாளிகள், ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஒருவர் மறைப்பதை இன்னொருவர் தோண்டிப் போடுவதால் ஊருக்கு எல்லா விஷயமும் எப்படியாவது தெரிந்துவிடும். பிறகு சட்டம் மாறியது. ஒரே நிறுவனம் ஒரே ஊரில் இத்தனையும் வைத்திருக்கக் கூடாது என்றிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். போட்டி பெருகும், கட்டணம் குறையும், செய்தி வந்து குவியும் என்றார்கள். போட்டி பெருகியது நிஜம்தான், யார் முதலில் வாங்குவது என்பதில். ஜெயித்த நிறுவனம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இப்போதும் எங்கள் ஊரில் நான்கு வானொலிகள் இருக்கின்றன. வாய் நாலு, வயிறு ஒன்று. நான் இதை எழுதுகிற இந்தச் சின்னப் பத்திரிகையை மட்டும் இன்னும் வாங்கவில்லை. பெறுமானம் இல்லை என்று விட்டிருப்பார்கள்.

முப்பது பேர் வேலை பார்த்த மூன்றாம் மாடி கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, இப்போது மூன்று பேரில் நிற்கிறது. ஒருவர் கிளை மேலாளர். வயதில் இளையவர், நல்ல பிள்ளை. இன்னொருவர் ஒலிபரப்புக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். டவர் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். மூன்றாவது நம் அக்கா. பாட்டும் பேச்சும் செய்தியும் தலைமையகத்திலிருந்து கம்பி வழியாக வந்து இறங்குகின்றன. காலை நிகழ்ச்சிக்காரர் அங்கே உட்கார்ந்துகொண்டு, "நம்ம ஊர்ல வெயில் சும்மா அள்ளுது மக்களே!" என்று குதூகலிப்பார். நாங்கள் குடையை மடக்கி உதறியபடி கேட்டுக்கொண்டிருப்போம்.

ஊர்க்குரல் என்று மிச்சம் இருப்பது காலையில் ஒரு சின்ன இடம். எந்தச் சாலை அடைப்பு, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, யாருடைய பை தொலைந்தது என்று அக்கா நேரடியாகப் படிப்பார். அந்த நேரம் வந்ததும் தலைமையகத்துக் கம்ப்யூட்டர் லைனை இவரிடம் விட்டுவிட்டு நிற்கும். இவர் முடித்துவிட்டு மேஜையிலுள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அங்கே அடுத்தது ஓடும். வேறு ஸ்டூடியோ உள்ள தூரத்து ஊர்களில் இந்த இடத்துக்கு நேரக்கணக்கு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கத்தரித்துவிட்டுப் பாட்டு வந்துவிடும். இவருக்கு மட்டும் பூட்டு இல்லை. கொடுத்த நேரத்துக்கு முன்பே முடித்துவிடுகிற மனுஷிக்கு எதற்குப் பூட்டு என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு காலத்தில் அவருக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. நகர்மன்றக் கூட்டத்தை வானொலியில் நேரடியாக ஒலிபரப்ப வேண்டும் என்பது உரிமத்தோடு வந்த கடமை. உறுப்பினர்கள் பேசுவது கேட்கும். ஆனால் ஓட்டெடுப்பு கையைத் தூக்கித்தான் நடக்கும். தூக்கிய கை வானொலியில் எப்படித் தெரியும்? அக்கா மண்டபத்தின் ஒரு மூலையில் மைக்கோடு உட்கார்ந்து, கிரிக்கெட் வர்ணனை மாதிரி கிசுகிசுப்பார். "மூணாவது வார்டு தூக்கிட்டார். அஞ்சாவது வார்டு தூக்கிட்டார். ஏழாவது வார்டு... பாதி தூக்கி இருக்கார். பக்கத்துல பாக்கறார். இல்ல, தலை சொறிஞ்சிக்கிட்டார்." அந்த ஏழாவது வார்டுக்காரர் அடுத்த தேர்தலில் தோற்றதற்கு அந்தத் தலைச்சொறிதலே காரணம் என்பார்கள். ஒருமுறை பிரசவ ஆஸ்பத்திரியை மூடி அந்த இடத்தை விற்கத் தீர்மானம் வந்தது. அக்கா கைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கடையையும் அடுப்பையும் அப்படியே போட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

புது நிறுவனத்துக்கு இந்த ஒலிபரப்பு தொண்டையில் மாட்டிய முள். விளம்பரம் போட முடியாது. அதோடு, நிறுவனத்துக்கு நகர்மன்றத்திடமிருந்து டவர் கட்ட நிலம் வேண்டும். நகர்மன்றத்துக்கோ தேர்தல் முடியும்வரை ஊர் தன்னைக் கவனிக்காமல் இருக்க வேண்டும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. முதலில் அக்காவின் மூலை நாற்காலியை எடுத்தார்கள். கூட்டம் மட்டும் ஒலிக்கும், கைகள் தெரியாது. இப்போது உரிமத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில், இந்தக் கடமையே வேண்டாம், விலக்குக் கொடுங்கள் என்று ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனுப் போட்டார்கள். நேயர்களின் ரசனை மாறிவிட்டதாம், அவர்களைச் சலிப்படையச் செய்ய மனம் வரவில்லையாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது.

ஆணையத்தில் பழைய விதி ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. இப்படி விலக்குக் கேட்டால் அதை அந்த வானொலியிலேயே ஊருக்கு அறிவிக்க வேண்டும். பதிவுசெய்து போடக் கூடாது, ஒருவர் நேரடியாகப் படிக்க வேண்டும். பிறகு ஆணையத்தின் அதிகாரி ஊருக்கே வந்து ஆட்சேபணைகளைக் கேட்பார். ஒருவரும் வரவில்லை என்றால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

மேலாளர் அந்த அறிவிப்பை அக்காவிடம் நீட்டினார். "அக்கா, பக்கத்து ஊர்களுக்கெல்லாம் படிச்சீங்கல்ல, அதே மாதிரிதான். அரை நிமிஷத்துல முடிச்சிருங்க. தலைமையகத்துல உங்க பேரைச் சொல்லியே கேட்டிருக்காங்க."

சுற்றுவட்டார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டூடியோ இந்த மூன்றாம் மாடிதான். அந்த ஊர்களின் அறிவிப்பையும் இவரேதான் படித்திருந்தார். "அங்கெல்லாம் ஆட்சேபணை சொல்ல எத்தனை பேரு வந்தாங்க தம்பி?" என்று கேட்டார்.

மேலாளர் சிரித்தார். "ஒருத்தரும் வரலக்கா. அதிகாரி டீ குடிச்சிட்டுக் கிளம்பிட்டாராம். எல்லாம் உங்க கைராசி."

பாராட்டுத்தான் அது. அந்தப் பாராட்டு அன்று முழுவதும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். எப்போதும் போல மெதுவாகத்தான் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியதை மறைக்கவில்லை.

அன்று மாலை தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் கணவர் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டியவர். முதுகெலும்பு தேய்ந்து, மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். மாதம் பிறந்தால் வீட்டுக்குள் வரும் சம்பளம் அக்காவுடையது மட்டும்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் நின்று தன் வழக்கமான வேகத்தில் அறிவிப்பை ஒரு ஓட்டு ஓட்டிக் காட்டினார்.

"என்ன சொன்னே?" என்றார் கணவர்.

"இத்தனை வருஷம் கேட்டிருக்கீங்க, இன்னுமா காது பழகல?"

"சத்தம் பழகிருச்சு. சேதி ஒண்ணும் புரியல."

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இப்போது காய்க்கடைக்காரரிடம் பேசுகிற வேகத்தில் படித்தார். கணவர் சட்டையின் ஒரு கையை மடித்தவர், மறு கையை மடிக்கவில்லை. "இரு, இரு. அப்போ இவங்க கூட்டத்தை நிறுத்தப் போறாங்களா? நாம போயி வேணாம்னு சொல்லலாமா? யாரு வேணாலும் சொல்லலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அக்கா. "இதை ஏண்டி இப்படிச் சொல்ல மாட்டேங்குறீங்க?"

வேலை போனால் என்ன செய்வது என்று அவர்கள் அதற்குப் பிறகு நெடுநேரம் பேசினார்கள். முடிவாக ஒன்றும் தெரியவில்லை. கணவர், "முதுகு வலிக்குதுன்னு நான் வீட்ல ஒக்காந்திருக்கேன். ஊருக்கே முதுகு ஒடிஞ்சா யாரு துணி மடிக்கிறது?" என்று ஒரு ஜோக் அடித்தாராம். நல்ல ஜோக் இல்லை என்று அக்காவே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அன்றைக்கு அதற்கு இருவரும் சிரித்தார்களாம்.

மறுநாள் காலை நான் மெக்கானிக் கடையில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரேடியோ வழக்கம்போல ஒரு மூலையில் கத்திக்கொண்டிருந்தது. சாலை அடைப்பு வந்தது, தண்ணீர் வராத தெரு வந்தது. பிறகு சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் அந்தக் குரல், நாங்கள் வானொலியில் கேட்டே இராத நடையில் வந்தது.

"இதனால்... பொதுமக்களுக்கு... அறிவிப்பது என்னவென்றால்."

மெக்கானிக் ஸ்பேனரோடு நிமிர்ந்தார். "என்னாச்சு அக்காவுக்கு? ஒடம்பு சரியில்லையா?" பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் தலையை வெளியே நீட்டினார். ஊரே அப்படித்தான் நினைத்தது என்று பின்னால் தெரிந்தது. அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறித்தான் எல்லோரும் சத்தத்தைக் கூட்டினார்கள். சத்தத்தைக் கூட்டிய பிறகு விஷயம் காதில் விழுந்தது.

"இந்த நிலையத்தை நடத்தும் நிறுவனம், நகர்மன்றக் கூட்டங்களை நேரடியாக ஒலிபரப்பும் கடமையிலிருந்து, தனக்கு விலக்கு அளிக்குமாறு கேட்டிருக்கிறது. இதில் ஆட்சேபணை உள்ள எவரும், நேரில் வந்து தெரிவிக்கலாம்." எவரும் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு நிறுத்தம். இடம், கிழமை, நேரம், எந்தக் கட்டடம், எந்த மாடி. ஒவ்வொன்றுக்கும் பேனா தேடி எழுதிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி. மெக்கானிக் கடைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார். "ஆட்சேபணை எதுவும் வராத பட்சத்தில், ஊருக்குச் சம்மதம் என்று, கருதப்படும்."

"ஓஹோ. நாம வாயைத் தொறக்கலன்னா சம்மதமாமே!" என்றார் இஸ்திரிக் கடைக்காரர்.

அரை நிமிட அறிவிப்பு மூன்று நிமிடத்தையும் தாண்டிப் போனது. பச்சைப் பொத்தான் அழுத்தப்படாததால் தலைமையகத்துக் காலை நிகழ்ச்சிக்காரர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். கார் விளம்பரம் வரிசையில் நின்றது. மூன்றாம் மாடியில் தொலைபேசி அலறியது. டவர் அண்ணன் அதைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். ஏன் எடுக்கவில்லை என்று மேலாளர் கேட்டதற்கு, "நம்ம கம்பெனி லைன்தானே சார். அது சும்மாவே அடிக்கும், எடுத்தா யாரும் இருக்க மாட்டாங்க" என்றாராம். நியாயமான பதில். எங்கள் வீட்டுத் தொலைபேசியும் அப்படித்தான்.

மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை வேகமாகச் சுழற்றிக் காட்டினார். சீக்கிரம், சீக்கிரம். அக்கா அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த வரியை இன்னும் நிதானமாகப் படித்தார். முடித்ததும் பொத்தானை அழுத்தினார். கார் விளம்பரம் வந்தது. கடைசியில் அவருடைய பதிவுக் குரலே நிபந்தனைகளைக் கொட்டிக்கொண்டு ஓடியது.

"என் வேலையும் இதுலதான்க்கா இருக்கு. நான் என்ன பதில் சொல்றது?" என்று மேலாளர் கிட்டத்தட்ட அழுதார்.

"நோட்டீஸ் படிச்சாங்கன்னு சொல்லுங்க தம்பி. ஒரு எழுத்து கூட்டல, ஒரு எழுத்து குறைக்கல. பேப்பரை வெச்சு சரிபாக்கச் சொல்லுங்க."

சரிபார்த்தார்கள். தலைமையகத்து வக்கீல்கள் விதிப் புத்தகத்தைக் குடைந்தார்கள். அறிவிப்பை எவ்வளவு வேகமாகப் படிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் எல்லை கிடையாது. அந்தச் சலுகையை இத்தனை காலம் அனுபவித்தவர்கள் அவர்கள்தான். எவ்வளவு மெதுவாகப் படிக்கலாம் என்பதற்கும் எல்லை கிடையாது என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வேலையை விட்டுத் தூக்கக் காரணம் கிடைக்கவில்லை. மறுநாளே அந்தக் காலை இடத்துக்கு நேரக்கணக்கு வைத்துப் பூட்டினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள். அதோடு தொலைபேசியில் ஒரு எச்சரிக்கையும் வந்தது: இனி நிறுவனத்துக்கு எதிராக ஒரு சின்ன அசைவு தெரிந்தாலும் அன்றோடு வேலை இல்லை. இந்தத் தடவை டவர் அண்ணன் எடுத்துவிட்டார்.

ஆணையத்து அதிகாரி ஆட்சேபணை கேட்க வந்த நாளன்று அக்காவை நிறுவனமே வண்டி வைத்து அழைத்துக்கொண்டு போனது. காரணம் இருக்கிறது. நாங்கள் ஊரை மறந்துவிடவில்லை, ஊர்க்காரர்களையே வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று அதிகாரிக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டுமே. முன்வரிசையில் வக்கீல், மேலாளர், நடுவில் அக்கா. "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சும்மா ஒக்காந்திருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்" என்று மேலாளர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அக்கா சரி என்றுதான் சொல்லியிருக்கிறார். அப்போது அவர் மனத்திலும் அதுதான் இருந்தது என்கிறார். நான் நம்புகிறேன்.

தொலைபேசி அலுவலகத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. யாரும் வரப்போவதில்லை என்று ஒரு டஜன் நாற்காலிதான் போட்டிருந்தார்கள். அதிகாரி மதிய ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட்டோடு வந்திருந்தார். கூட்டம் அறையில் கொள்ளாமல், படிக்கட்டில் இறங்கி, தெருவுக்கு வந்துவிட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இஸ்திரிக் கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். பிரசவ ஆஸ்பத்திரி ஆயாக்கள் நாலைந்து பேர் ஒன்றாக வந்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் நல்லவர். டிக்கெட்டை மாற்றச் சொல்லி உதவியாளரை அனுப்பினார்.

"எல்லாரும் மைக்குல பேசுங்க. மைக்குல விழுந்தாத்தான் பதிவாகும். பதிவானாத்தான் நான் கணக்குல எடுக்க முடியும்" என்று தெளிவாகச் சொன்னார்.

மைக் ஒன்று இருந்தது. அதன் தாங்கிக்குத் திருகாணி தேய்ந்திருந்தது. முதலில் பேச வந்த மெக்கானிக் வாயைத் திறந்ததும் மைக் சறுக்கிக்கொண்டு அவர் இடுப்பளவுக்கு இறங்கியது. தூக்கி நிறுத்தினார். மறுபடி இறங்கியது. ஒரு கையால் மைக்கைப் பிடித்தால் மறு கையில் இருந்த குறிப்புத்தாள் நழுவியது. கூட்டம் சிரித்தது. அவர் வெட்கப்பட்டு, இரண்டு வார்த்தை உளறிவிட்டு ஒதுங்கினார். அடுத்து வந்த ஆயா மைக்கை எட்டத்தில் நின்று பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மேஜைமேல் இருந்த பதிவுக் கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி மட்டும் அசையவில்லை. வக்கீல் அதைக் கவனித்தார். திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அக்காவும் கவனித்தார். அந்த ஊசியைப் பார்த்தே வாழ்ந்தவர்.

எழுந்தார். மேலாளர் அவர் முந்தானையைப் பிடித்தார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பிடிக்கக் கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டார். அக்கா தாங்கியிலிருந்து மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்து, ஆயாவின் வாய்க்கு நேரே, ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். "இப்போ பேசுங்கம்மா. என்னைப் பாத்துப் பேசுங்க, போதும்." ஆயா முதலிலிருந்து பேசினார். ஊசி துள்ளியது. அவர் முடித்ததும் அக்கா மெக்கானிக்கைக் கையசைத்துத் திரும்பக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் உட்காரவில்லை. உயரமானவர் வந்தால் கையை உயர்த்தினார். குள்ளமானவருக்கு இறக்கினார். கத்துகிறவரிடமிருந்து மைக்கைப் பின்னால் இழுத்தார், முணுமுணுக்கிறவரின் உதட்டருகே கொண்டுபோனார். தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. வக்கீல் எழுந்து, நிறுவனத்தின் ஊழியர் எதிர்த்தரப்புக்கு உதவுவது முறையா என்று கேட்டார். அதிகாரி யோசித்துவிட்டு, "அவங்க யாருக்கும் உதவல. என் மைக்கைப் பிடிச்சிக்கிட்டிருக்காங்க" என்றார். வக்கீல் உட்கார்ந்து கைபேசியை எடுத்துத் தலைமையகத்துக்குத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அந்தச் செய்தியில் என்ன இருக்கும் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

கடைசியாக ஒரு பெண்மணி வந்தார். பஸ் நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவர், சீருடையோடு வந்திருந்தார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. பேப்பர் வந்தா அதுல சாமான் கட்டுவேன், அவ்வளவுதான். யாரு என்ன பண்றாங்கன்னு எனக்குக் கேட்டாத்தான் தெரியும். இதையும் நிறுத்திட்டா..." என்றவர் அங்கேயே நின்றுவிட்டார். வார்த்தை வரவில்லை. அறை காத்திருந்தது. வக்கீல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அதிகாரி மெல்ல, "சரிம்மா, புரியுது. முடிச்சிக்கலாமா?" என்றார். பின்வரிசையில் நாற்காலிகள் நகரத் தொடங்கின.

"அக்கா" என்றார் மேலாளர், மன்றாடுகிற குரலில்.

அக்காவின் கை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. இத்தனை நேரமாக நீட்டிய கை. அவர் மேலாளர் பக்கம் திரும்பவில்லை. இடது கையைக் கொண்டுவந்து வலது முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். மைக்கை அந்தப் பெண்மணியின் வாய்க்கு நேரே அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.